முகப்பிலா, வளவிலா?

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக, மாதம் ஒருமுறை அங்கே போய் நிறமில்லாத நெயில் பாலிஷ் நாலைந்து பாட்டில் வாங்கியிருக்கிறேன். என் நகத்தில் ஒருநாளும் பூசியதில்லை. மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடி ஸ்லைடின் மேல் மெல்லிய கவர்ஸ்லிப்பை வைத்து, நான்கு ஓரத்தையும் அந்தப் பாலிஷால் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் திரவம் காயாது, கண்ணாடியும் நகராது. கடைக்கார ஆச்சி ஒருநாள் கேட்டே விட்டார்: "ஏம்மா, பார்லர் வச்சிருக்கியா?"

"இல்ல ஆச்சி. சாயம் போடுற வேலை."

எங்கள் வீட்டில் அது புது வேலை இல்லை. அப்பா கண்டாங்கிச் சேலைக்கான பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றியவர். கொதிக்கிற தொட்டியிலிருந்து நூல் சிட்டத்தை எடுத்து அலசுவார். தண்ணீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருப்பார். அலசும் தண்ணீரில் நிறம் வருகிறதென்றால் அந்த நிறம் இன்னும் நூலுக்குச் சொந்தமாகவில்லை என்பார். நான் சாயம் போடுவது செல்லுக்குள் இருக்கும் புரதங்களுக்கு. அலசுகிற நேரம்தான் எனக்கும் அதிகம்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர் இது. அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 'லேப்' என்ற சொல் அந்நியமில்லை. நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரமே எங்கள் சார் ஒரு கேள்வியைக் கொடுத்தார். தூது ஆர்.என்.ஏ.வின் தொப்பியைப் பிடிக்கிற புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது? ஒரு மாதத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

தொப்பி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கருவில் இருக்கும் மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் செய்திதான் தூது ஆர்.என்.ஏ. அதன் தலைமாட்டில், நகலெடுப்பு தொடங்கிய சற்று நேரத்திலேயே, மெத்தில் குழு ஏற்றிய ஒரு குவானோசின் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தப்படுகிறது. மற்ற எழுத்துகள் ஒரே திசையில் கோத்துக்கொண்டு போக, இது மட்டும் எதிர்த்திசையில், மூன்று பாஸ்பேட்டுகளின் பாலம் வழியாக ஒட்டியிருக்கும். என் தாத்தா பெட்டியடியில் கணக்கு எழுதியவர். பிள்ளையார் சுழி இல்லாத பேரேட்டை அவர் தொடமாட்டார். செல்லிலும் அநேகமாக அப்படித்தான். தொப்பி இல்லாத செய்தியைப் புரதம் செய்யும் இயந்திரம் பெரும்பாலும் படிப்பதில்லை; தலை திறந்து கிடக்கும் ஆர்.என்.ஏ.வை நொதிகள் அரித்துத் தின்றுவிடும்.

இது வெளிவந்தது 1975-இல், மனிதச் செல்லிலிருந்து அல்ல, வைரஸ்களிலிருந்து. ஜப்பானில் ஃபுருய்ச்சியும் மியுராவும் பட்டுப்புழுவைத் தாக்கும் ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.வில் அடைபட்ட அந்த முனையைக் கண்டார்கள். அமெரிக்காவில் ஷாட்கினின் குழு ரியோவைரஸிலும், வெய், மாஸ் இருவரும் வாக்சினியா வைரஸிலும் அதே ஆண்டு கண்டார்கள். சுழி இருக்கிறதென்றால் அதைப் பார்த்து ஏட்டைத் திறக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். 1978-இல் நாகும் சோனென்பர்க், ஷாட்கினோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, தொப்பியை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறிய புரதத்தைக் கண்டார். எடை ஏறக்குறைய 24,000 டால்டன். இன்று அதற்கு இஐஎஃப்4இ என்று பெயர். மனிதரில் 217 அமினோ அமிலங்கள். குவிந்த உள்ளங்கை போன்ற வடிவம். இரண்டு டிரிப்டோபான்கள் நடுவே தொப்பியை அப்பளம் மாதிரி வைத்து அழுத்திக்கொள்ளும். 1997-இல் அந்த அமைப்பின் படம் வெளியானபோது சார் அதைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினாராம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓரங்கள் பழுத்துப்போயிருந்தது.

பாடப்புத்தகப்படி இஐஎஃப்4இ இருப்பது உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். உட்கருவுக்குள் தொப்பியைப் பிடிக்க வேறொரு ஜோடி உண்டு: 80,000 எடையுள்ள சிபிபி80, 20,000 எடையுள்ள சிபிபி20. உருகுவேயில் பிறந்த எலிசா இசௌரால்டேயும் இயன் மட்டாயும் ஹைடல்பர்க்கில் இந்த இணையை 1994, 1995-இல் விளக்கமாக எழுதினார்கள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது. என் அத்தை கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியே வரலாம். வளவுக்குள் இருக்கிறவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டை ஓர் ஆள் நிலைவாசல்வரை கொண்டுவந்து கொடுப்பார். முகப்பில் காத்திருப்பவர் வாங்கிக்கொண்டு காரியத்தைப் பார்ப்பார். கொண்டுவந்தவர் திரும்ப உள்ளே போய்விடுவார். சிபிபி இணை உள்ளே இருந்து வருகிறவர். இஐஎஃப்4இ முகப்பில் இருப்பவர். நிலைவாசல் என்பது உட்கருச் சவ்வில் இருக்கும் துளை.

அந்த நிலைவாசலில் நடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும் விஷயம். பார்க்க உதவியது ஒரு கொசு மாதிரியான பூச்சி, கைரோனோமஸ். அது கடிக்காது. அதன் புழு ஹீமோகுளோபினால் சிவந்திருக்கும். நம் ஊருணிச் சேற்றை ஒரு கை அள்ளினால் இந்த வகைச் சிவப்புப் புழு நெளியும். மீன்தொட்டிக்காரர்கள் இரத்தப்புழு என்று விற்பார்கள். இதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் பூதாகரமான குரோமோசோம்கள் உண்டு. 1881-இல் பால்பியானி அவற்றில் உப்பலான வளையங்களைப் பார்த்தார். அந்த வளையங்களில் உண்டாகும் ஆர்.என்.ஏ. அத்தனை பெரிது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஸ்வீடனில் நேவுஸ் விசாவும் கூட்டாளிகளும் 1996-இல், தங்கத் துகள் கட்டிய ஆன்டிபாடியால் சிபிபி20-ஐ அடையாளமிட்டார்கள். நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அது தொப்பியில் வந்து உட்கார்ந்திருந்தது. பொட்டலம் துளைக்கு வந்து, சுருள் அவிழ்ந்து, தலையை முதலில் நீட்டி வெளியே போகும்போதும் கூடவே இருந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எனக்கு வாய்க்கவில்லை. அந்தக் கட்டுரையின் படங்களைப் பார்த்த அன்று மாலை ஊருணிக் கரையில் நின்று புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் போட்ட முதல் நல்ல ஸ்லைடு ஹீலா என்ற மனிதச் செல்லில். உட்கருவுக்கு நீலம், இஐஎஃப்4இ-க்குப் பச்சை. சைட்டோபிளாசம் முழுக்கப் பச்சை பரவியிருந்தது. ஆனால் உட்கருவுக்குள்ளும் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. சரியாக அலசவில்லை என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடி பொட்டு. மூன்றாம் முறையும் அதே. தலை குனிந்துகொண்டு சாரிடம் போனேன். அவர் பீரோவிலிருந்து 1992-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை எடுத்துப் போட்டார். லெய்ப்கோவிச்சும் சோனென்பர்க்கும் மற்றவர்களும் எழுதியது. இஐஎஃப்4இ-இன் ஒரு பகுதி உட்கருவிலும் இருக்கிறது என்பதுதான் தலைப்பே. "நீ பார்த்தது இருக்கலாம்மா. ஆனா இருக்குன்னு நீ காட்டணும்."

அந்தக் 'காட்டணும்' என்பதில்தான் என் தொழில் முழுக்க இருக்கிறது. செல்லைக் கொன்று அப்படியே நிறுத்திய பிறகுதான் சாயம் ஏறும். எப்படி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் படமே மாறிவிடும். உறைகுளிரில் வைத்த மெத்தனாலை ஊற்றினால் புரதங்கள் திரிந்து இருந்த இடத்தில் படியும்; ஆனால் சவ்வின் கொழுப்பு கரைந்து, எங்கும் ஒட்டாமல் மிதந்த புரதம் கசிந்து போய்விடலாம். வெளியே கசிந்தது போக உள்ளே மிஞ்சியது பளிச்சென்று தெரியும். பார்க்கிறவர் உட்கருவில்தான் அதிகம் என்று எழுதிவிடுவார். பாராஃபார்மால்டிஹைடு நான்கு சதவீதம் போட்டால் புரதங்களைப் பக்கத்தில் இருப்பதோடு பிணைத்துக் கட்டிவிடும், கசிவு குறையும். ஆனால் ஆன்டிபாடி உள்ளே போக டிரைட்டான் போட்டுச் சவ்வைத் துளைக்க வேண்டும். துளைத்தது போதாவிட்டால் உட்கருவுக்குள் ஆன்டிபாடியே போகாது. உட்கரு இருட்டாக இருக்கும். அங்கே புரதம் இல்லை என்று எழுதிவிடுவார். ஒரே தட்டில் வளர்ந்த செல்லை இரண்டாகப் பிரித்து இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தால், இரண்டு ஊர்க்காரர்கள் எடுத்த படம் மாதிரி இருக்கும்.

அதனால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கூட்டாளி ஸ்லைடுகள் போடுவேன். புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி இல்லாமல், அதன்மேல் ஒட்டி ஒளிரும் இரண்டாவது மட்டும் போட்டது ஒன்று. அந்தப் புரதத்தையே குறைத்துவிட்ட செல்லில் போட்டது ஒன்று. கண்ணை மட்டும் நம்பாமல் செல்லை அரைத்தும் பார்ப்போம். கண்ணாடி உரலில் மெதுவாக இடித்து, உட்கரு உடையாமல் செல் மட்டும் உடைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் உட்கருக்கள் அடியில் தங்கும், சைட்டோபிளாசம் மேலே நிற்கும். இரண்டிலும் லாமின், டியூபுலின் இரண்டையும் தேட வேண்டும். லாமின் உட்கருவின் ஆள், டியூபுலின் வெளியாள். அடியில் டியூபுலின் தெரிந்தால் அன்றைய இடிப்பு சரியில்லை, கொட்டிவிட வேண்டியதுதான். தேறினால், தொப்பி ஒட்டிய மணிகளை அதில் போட்டு எடுத்து, இஐஎஃப்4இ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். இப்படியெல்லாம் பார்த்து முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. உட்கருவில் இருக்கத்தான் செய்தது. சைட்டோபிளாசத்தை விடக் குறைவு, ஆனால் சந்தேகமில்லாமல் இருந்தது.

இனிச் சொல்லப்போவதை எழுத வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். தப்பு என்னுடையது.

பிற்பாடு எங்கள் கூடத்தில் சி. எலிகன்ஸ் என்ற நூற்புழு வந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, 959 உடற்செல்கள். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்வது 1951-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் காளான் உரத்தில் கிடைத்த புழுவின் சந்ததி. அதற்கு 20 டிகிரி இதமாக இருக்கும். அங்கே அது அறை வெப்பம். இங்கே அதற்காக வருடம் முழுக்க ஒரு குளிர் இன்குபேட்டரை ஓட்ட வேண்டும். இந்தப் புழுவுக்கு இஐஎஃப்4இ ஒன்றல்ல, ஐந்து உண்டு: ஐஎஃப்இ-1 முதல் 5 வரை. ஐஎஃப்இ-1 இனச்செல்களில், பி துகள்கள் என்ற மணிகளோடு ஒட்டியிருப்பது. ஐஎஃப்இ-2 உடற்செல்களில் அதிகம். 2007-இல் தவர்னராகிஸின் குழு, ஐஎஃப்இ-2 இல்லாத புழு கூடுதல் நாள் உயிர்வாழ்கிறது என்று எழுதியிருந்தது. ஒளிரும் பச்சைப் புரதத்தோடு கோத்த ஐஎஃப்இ-2 உள்ள புழுவை வைத்தால் ஆன்டிபாடியே வேண்டாம், உயிரோடு பார்த்துவிடலாம். கொல்லாமல் பார்ப்பதால் இனிப் பொய்ப்படம் வராது என்று நான் நம்பிவிட்டேன்.

திருப்புவனம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி மாணவி, ஒரு மருந்துச் செடியின் சாற்றைப் புழுவுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்வெட்டு மிகுந்த கோடை அது. கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்புக்கு நேர அட்டவணை போடுவது நான். சாறு கொடுக்காத புழுக்களைக் காலை பத்து மணிக்கும், கொடுத்தவற்றைப் பிற்பகல் மூன்று மணிக்கும் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். காலையில் பச்சை சீராகப் பரவியிருக்கும். பிற்பகலில் குடலிலும் தோலடியிலும் கடுகு இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். சாறு ஐஎஃப்இ-2-ஐ மணிகளுக்குள் தள்ளுகிறது என்று அவள் துள்ளினாள். நானும் சந்தோஷப்பட்டேன். நான்கு மாதம் படமெடுத்தோம்.

ஒருநாள் பஸ் கிடைக்காமல் அவள் மதியம்தான் வந்து சேர்ந்தாள். காலையில் பார்த்திருக்க வேண்டிய கன்ட்ரோல் புழுவையும் பிற்பகலில் பார்க்க நேர்ந்தது. அதிலும் புள்ளிகள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே நடைக்குப் போனேன். அங்கே மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மேசை. மதியம் கரண்ட் போய்விட்டு வந்ததும் லேசர் நிலைக்கு வர அரைமணிக்கு மேலாகும். அதுவரை புழுத் தட்டுகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து அந்த மேசையில் வரிசையாக வைத்திருப்பாள். அந்த மேசையை அங்கே போட்டவள் நான். கையை மேசைமேல் வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன். தெர்மாமீட்டர் கொண்டுவந்து வைத்தேன். 37 டிகிரி.

மறுநாள் சாறே படாத தட்டு இரண்டை எடுத்து, ஒன்றை இன்குபேட்டரிலும் ஒன்றை ஒருமணி நேரம் மேசையிலும் வைத்துப் பார்த்தோம். மேசைத் தட்டில் புள்ளி. பிறகு சாறு கொடுத்த புழுவை வெயில் படாமல் இன்குபேட்டரிலிருந்து நேரே எடுத்துப் பார்த்தோம். பச்சை சீராக இருந்தது.

"பாப்பா, சாறு ஒண்ணும் செய்யல. மேசைதான் செஞ்சிருக்கு."

"நாலு மாசம்க்கா," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அட்டவணையை நான் எழுதாமல் இருந்திருந்தால், காலை மாலை மாற்றி மாற்றிப் போட்டிருந்தால், முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். சாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "மேசை செஞ்சதை ஒழுங்கா அளந்து எழுதுங்க," என்றார்.

அளந்தோம். வெயில் பட்ட செல் அன்றாடப் புரத உற்பத்தியைச் சட்டென்று குறைத்துக்கொள்கிறது. அப்போது இஐஎஃப்4இ சும்மா மிதப்பதில்லை. ஒரு பகுதி, செய்திகளை நிறுத்திவைத்துச் சிதைக்கும் பி உடல்கள் என்ற மணிகளுக்குள் போகிறது. அங்கே அதைப் பிடித்துப்போவது 4இ-டி என்ற இன்னொரு புரதம். இஐஎஃப்4இ-ஐ உட்கருவுக்குள் இட்டுச்செல்வதும் அதுதான் என்று 2000-இல் டோஸ்டியும் மற்றவர்களும் காட்டியிருந்தார்கள். இன்னொரு பகுதி, ரைபோசோமின் சிறு துண்டோடு சேர்ந்து அழுத்தத் துகள்களுக்குள் ஒதுங்கும். வெக்கை தணிந்தால் மெல்லக் கலைந்து வெளியே வரும். கானாடுகாத்தான் வீட்டுக்காரர்கள் பர்மாவுக்குப் போகும்போது பாத்திரபண்டங்களை இரட்டை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்களாம், அத்தை சொல்வார். பூட்டிய வீட்டில் அண்டா இல்லை என்று யாராவது எழுதினால் அது அந்த வருஷத்துக்கு மட்டும் சரி.

2018-இல் ரீகரும் தவர்னராகிஸும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை வந்தது. வெப்பம் தாக்கினாலும், வயதானாலும், ஐஎஃப்இ-2 பி உடல்களுக்குள் ஒதுங்குகிறது என்று அழகாகக் காட்டியிருந்தார்கள். வயது என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. எங்கள் தட்டுகளில் புழுக்களின் வயதை ஒரே நாளாகப் பிடித்திருந்தோமா என்று பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பிடித்திருந்தோம். மாணவி அப்போது முனைவராகி வேறு ஊரில் வேலைக்குப் போயிருந்தாள். போன் செய்தேன். அவளும் படித்திருந்தாள். "நம்ம மேசைக்கா," என்றாள்.

இந்த 'எங்கே' என்ற கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நிற்பதில்லை. ராமநாதபுரம் பக்கம் குண்டு மிளகாய் போடும் சொந்தக்காரர் ஒருவர் இலை சுருண்டு போவதைக் காட்டிக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது இஐஎஃப்4இ. அவர் செடிக்கு வந்தது எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மிளகாயைத் தாக்கும் ஒரு வைரஸ் குடும்பத்துக்குத் தொப்பி கிடையாது. தன் புரதம் ஒன்றைத் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு செடியின் இஐஎஃப்4இ-ஐப் பிடித்துக்கொள்ளும். பிவிஆர்2 என்று மிளகாய் வளர்ப்பவர்கள் நெடுங்காலம் கையாண்ட எதிர்ப்புச் சக்தி மரபணு, மாறிப்போன இஐஎஃப்4இ-தான் என்று 2002-இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள்.

கோவிட் காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் வாட்ஸாப்பில் வந்ததைக் காட்டிக் கேட்டார்கள். "ஏத்தா, அந்த ஊசி ஆர்.என்.ஏ. நம்ம கருவுக்குள்ள போயி ஒட்டிக்குமா?" அப்போது இங்கே போட்டது அந்த வகை ஊசியே இல்லை, புனேயில் தயாரான தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு அவசர அனுமதி கிடைத்தது 2022 ஜூனில். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். நம் செய்தி வளவில் பிறந்து முகப்புக்கு வருவது. ஊசியில் வருவது தெருவிலிருந்து முகப்புக்கு வருவது. தொப்பியை ஆலையிலேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். முகப்பில் இருக்கும் இஐஎஃப்4இ வாங்கிப் படிக்கும். படித்துச் சில நாளில் கிழித்துப் போட்டுவிடும். நிலைவாசல் தாண்டி உள்ளே போக அதற்கு வேலையில்லை. ஒருத்தி கேட்டாள்: "நீ பாத்திருக்கியா?" ஊசியின் ஆர்.என்.ஏ.வைப் பார்த்ததில்லை, வாங்கிப் படிக்கிற ஆளைப் பார்த்திருக்கிறேன் என்றேன்.

இப்போது நடையில் அந்த மேசை இல்லை. நானே ஆள் வைத்து எடுத்துப் போட்டேன். இன்குபேட்டர் பக்கத்தில் ஒரு சிவப்பு அட்டை நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. தட்டு எத்தனை மணிக்கு வெளியே வந்தது, எங்கே வைக்கப்பட்டது, அங்கே எத்தனை டிகிரி, புழுவுக்கு எத்தனை நாள் வயது, கரண்ட் இருந்ததா. போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். திரையில் புழுவின் குடல், அதில் கடுகு மாதிரிப் பச்சைப் புள்ளிகள்.

"அக்கா, இங்க பாருங்க. மணிக்குள்ள போயிருச்சு!"

படத்தை நன்றாகப் பார்த்தேன். அழகான படம். கவர்ஸ்லிப் ஓரத்தைச் சுத்தமாக அடைத்திருந்தான்.

"நோட்டை எடுத்துட்டு வாப்பா," என்றேன்.